மூக்கால் ஒரு பாஷை

ஒத்தீலியா ஜுஸ்தீனோவை முதன்முதலில் பார்த்தபோது அவன் ஒரு வாழைப்பழம் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டான் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. அவ்வளவு நேரம் பிடித்தது அதற்கு.

அன்று அவள் ஊரில் விருந்து. துயூக்கா பாஷைக்காரர்கள் மூன்று படகு நிறையப் புகையில் வாட்டிய மீனோடு, மழைக்காட்டு நடுவே ஓடும் திக்கியே ஆற்றில் ஏறி வந்திருந்தார்கள். அவள் ஆட்கள் பாரா பாஷைக்காரர்கள். பதிலுக்கு அவர்கள் ஒரு தொட்டி நிறைய மரவள்ளிக் கள் புளிக்க வைத்திருந்தார்கள். சுரைக்குடுவையில் கள் மொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவள் அவன் முன்னால் நின்றாள். அவன் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, குடுவையைத் திருப்பிக் கொடுக்காமல், கூரையிலிருந்து தொங்கிய குலையைப் பார்த்தான்.

“அந்தா, மஞ்சளா, சீப்புச் சீப்பா இருக்குல்ல... தோல உரிச்சா உள்ள வெள்ளையா... கொரங்குகூட வந்து திருடித் திங்குமே... அதுல ஒண்ணு.”

“வாழைப்பழம்னு சொல்லிட்டுப் போறதுதானே மச்சான்?” என்றாள் ஒத்தீலியா, தன் பாஷையில்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “அத மட்டும் சொல்ல மாட்டான். சொன்னா நீ பழத்த விட்டுட்டு வாசலப் பாப்ப!” என்றான் அவனோடு வந்தவர்களில் ஒருவன். “மூக்கன்கிட்ட எதையும் நேராக் கேக்காத தாயி, விடிஞ்சிரும்.”

ஜுஸ்தீனோவுக்குப் பிறவியிலேயே மேல்வாயில் ஓட்டை. உதடும் முகமும் நன்றாகத்தான் இருந்தன. வாயைப் பிளந்து காட்டினால்தான் தெரியும், அண்ணம் பின்பக்கம் பிளந்து மூக்கோடு கூடியிருப்பது. வாயில் புறப்படும் காற்றெல்லாம் மூக்குக்கு ஏறிவிடும். வேறு பாஷைக்காரனாக இருந்திருந்தால், கொஞ்சம் ஞணஞணவென்று பேசுகிறவன் என்பதோடு போயிருக்கும். துயூக்கா பாஷையில் அப்படிப் போகாது. அதில் ஒரு சொல் வாய் வழியே வந்தால் முதலிலிருந்து கடைசிவரை வாய் வழியேதான் வரும், மூக்கு வழியே வந்தால் முழுசும் மூக்குதான். ‘ஹோ’ என்று வாயால் சொன்னால் வாழைப்பழம். அதையே மூக்கால் சொன்னால் ‘அங்கே’ என்று அர்த்தம். ‘போ’ என்கிற சொல்லை மூக்கில் விட்டால் ‘வெளிச்சம் காட்டு’ என்று ஆகிவிடும். ஜுஸ்தீனோ எதைச் சொன்னாலும் மூக்குதான். அதனால் இப்படி இரட்டையாகப் பிறந்த சொற்களை எல்லாம் அவன் கைகழுவிவிட்டான். நடுவில் அருவி வந்தால் படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு கரையோடு நடந்து, அருவியைத் தாண்டி மறுபடி தண்ணீரில் இறக்குவார்கள். அதுபோல அவன் ஒவ்வொரு சொல்லையும் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறங்குவான்.

ஒத்தீலியா ஒரு பழத்தைப் பிய்த்தாள். என்ன தோன்றியதோ, தோலை உரித்தே கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு இரண்டு வீட்டிலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற பேச்சு வந்தது. ஜுஸ்தீனோவின் தங்கை தெரேசினா, ஒத்தீலியாவின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு முதலில் வந்துவிட்டாள். மாற்றாக ஒத்தீலியா போக வேண்டும். அம்மாவுக்கு மனசே இல்லை.

“காலம்பூரா விடுகதை போடுறவன்கூடவா குடித்தனம் பண்ணப்போற?”

“எனக்கு விடுகதை பிடிக்கும்மா.”

ஒரு நாள் இரண்டு பேருமாக மரவள்ளி துருவிக்கொண்டிருந்தபோது தெரேசினா தானாகவே பேச்செடுத்தாள்.

“இங்க பாரு மதினி. எங்கண்ணன் ஏன் அப்படிப் பேசுதுன்னு உனக்குத் தெரியணும். அதுக்கு ஒன்பது வயசு இருக்கும். அது வளத்த நாய், விருந்துக்கு வந்த ஒரு மாமாவோட மீன் கூடையில வாய வச்சிருச்சு. அவரு கோவமா ‘இத என்ன பண்றது’ன்னு கத்துனாரு. அண்ணன் ‘கட்டிப் போடுங்க’ன்னு சொல்லிச்சு. ஆனா அது வாயில எப்படி வரும்னு உனக்குத்தான் தெரியுமே.”

ஒத்தீலியாவின் கை நின்றது. கட்டு என்ற சொல் மூக்கால் வந்தால் கொல். அவள் பாஷையில் சொல் வேறு, ஆனால் துயூக்காவை அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறாள். அவளுடைய பாட்டன் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் துயூக்காக்காரர்கள்.

“துடுப்பாலேயே ஒரே அடி,” என்றாள் தெரேசினா. “அந்த மாமா பாவம், அவரு மேல குத்தமில்ல. அண்ணன் ரெண்டு மாசம் வாயே தெறக்கல. அப்புறம் தெறந்தப்போ இப்படித்தான் சுத்திச் சுத்திப் பேச ஆரம்பிச்சுது. உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

ஒத்தீலியா மறுபடி துருவ ஆரம்பித்தாள். கிழங்கு முடிந்து பலகையில் விரல் உரசியபோதுதான் நிறுத்தினாள். அந்த மாதமே அவன் ஊருக்குப் போனாள்.

போய் மூன்று மாதத்தில் அவள் காது பழகிவிட்டது. அவன் துயூக்காவில் பேசுவான், அவள் பாராவில் பதில் சொல்வாள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் எல்லாம் அதுதான் வழக்கம். மூக்கால் வந்தாலும் அவன் சொன்னது வாழைப்பழமா ‘அங்கே’யா என்று அவன் புருவத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். பிறகு புருவமும் தேவைப்படவில்லை. ஒரு நாள் தோட்டத்தில் களை எடுக்கும்போது அவன் தன்னையறியாமல் ‘வீட்டுக்குப் போகலாமா’ என்று நேராகவே கேட்டுவிட்டான். கேட்டுவிட்டுத் திடுக்கிட்டு நின்றான். அவள் சாவதானமாகக் கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, “போகலாமே” என்றாள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வழி நெடுக அவன் நேராகப் பேசிக்கொண்டே வந்தான். பதினைந்து வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு. ஊர் எல்லை வந்ததும் மறுபடி சுற்றுவழிக்குப் போய்விட்டான்.

அப்படி அவளோடு மட்டும் வாயாடியாக இருந்தவன், மகள் பிறந்த அன்று ஊமையானான்.

பெயர் வைத்தவள் ஒத்தீலியாதான். முன்னோர் வழிப் பெயரை அப்பா வீட்டார் சடங்கு செய்து வைத்தார்கள். பதிவேட்டில் எழுதுகிற பெயருக்கு அவள் பல நாள் யோசித்தாள். அவள் அண்ணன் மகளுக்கு வைத்த பெயரும் அழகுதான், ஆனால் அதில் ‘ப’வும் ‘த’வும் இருந்தன, அவன் மூக்கில் ஏறினால் அவை ‘ம’வும் ‘ந’வும் ஆகிவிடும். கடைசியில் நோயெமி என்று எழுதச் சொன்னாள். மூக்கிலேயே பிறந்து மூக்கிலேயே முடிகிற பெயர். அவன் கூப்பிட்டால் ஒரு துளி பிசகாமல் வரும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தாள்.

அவன் கூப்பிடவே இல்லை. குழந்தையைத் தூக்கினான், குளிப்பாட்டினான், தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தான். சீழ்க்கை அடித்தான். நாக்கைச் சொடுக்கினான். பேச்சு மட்டும் இல்லை. குழந்தை விழித்திருக்கும்போது ஒத்தீலியாவிடம்கூடப் பேசுவதை நிறுத்தினான். அது தூங்கிய பிறகு வலைப்படுக்கையில் அவள் பக்கம் குனிந்து கிசுகிசுப்பான். பொழுது சாய்ந்தால் குழந்தையை எடுத்துக்கொண்டு நேராகத் தன் அண்ணன் அன்செல்மோ வீட்டுக்குப் போய் அவர் மடியில் வைப்பான்.

“பேசுண்ணே,” என்பான்.

“எதப் பத்திடா?”

“எதையாச்சும். நீ பேசு, அது கேக்கட்டும்.”

அன்செல்மோ நல்ல மனுஷர். மீனைப் பற்றி, வலையைப் பற்றி, போன வருஷத்து வெள்ளத்தைப் பற்றி, பால் மணம் மாறாத குழந்தையிடம் மணிக்கணக்காகப் பேசினார். அவருடைய துயூக்கா சுத்தமான துயூக்கா.

ஒத்தீலியா இரண்டு மாதம் பொறுத்தாள்.

“மச்சான், உன் மகளோட உனக்கு என்ன சண்டை?”

அவன் குழந்தை தூங்குகிறதா என்று எட்டிப் பார்த்தான். “சண்டை என்ன. பிள்ளைக்கு எந்த பாஷை வரும்? அப்பன் பாஷை. நாளைக்கு எவனாச்சும் ‘நீ யார் வீட்டுப் பொண்ணு’ன்னு கேட்டா, அது வாயத் தெறந்து பேசுறதுதானே பதில்? என் வாயிலேர்ந்து அது எத எடுத்துக்கும்?”

“உன் வாயிலேர்ந்து எடுத்துக்கிட்டா என்ன கொறஞ்சிரும்?”

“அவளுக்கு வாய் நல்லா இருக்கு. நான் வெரல விட்டுத் தடவிப் பாத்தேன். ஓட்டை இல்ல. என்னால அது கெட்டுப்போக வேண்டாம்.” பிள்ளையின் மேல் துணியை இழுத்துவிட்டு, “அவளும் வாழைப்பழத்தச் சுத்திக்கிட்டுப் போகணுமா?” என்றான்.

ஒத்தீலியா அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வயது ஆனபோது நோயெமி அம்மாவிடம் பாராவும் பெரியப்பாவிடம் துயூக்காவும் பேசினாள். பெரியம்மா பெர்னார்தா துக்கானோ பாஷைக்காரி, அவளிடம் அந்தப் பாஷையில் மிளகாய் போடாத மீன் சாறு கேட்டு வாங்கிக் குடித்தாள். எதையும் எதோடும் கலக்க மாட்டாள். ஆளைப் பார்த்ததும் பாஷை தானாக மாறிக்கொள்ளும். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவிடம் மட்டும் அவள் பேசுவதில்லை, கை நீட்டுவாள், சீழ்க்கை அடிப்பாள். ஊருக்கும் அது பழகிவிட்டது.

அந்த வருஷம் மருத்துவப் படகில் ஒரு பல் டாக்டரம்மா வந்தாள். ஜுஸ்தீனோவின் வாயை விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஆற்றின் கீழே இருக்கிற சாவ் கப்ரியேல் நகரத்துக்கு வந்து தங்கினால் மேல்வாய்க்கு அளவெடுத்து ஒரு தகடு செய்து தரலாம், ஓட்டையை அது அடைத்துக்கொள்ளும் என்றாள். அவன் சிரித்து மழுப்பிவிட்டான். தோட்டம் இருக்கிறது, வீட்டுக்கூரை மாற்ற வேண்டும் என்று ஆயிரம் காரணம்.

படகு அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அது நடந்தது.

காலையில் படித்துறையில் பெர்னார்தா மீன் அலசிக்கொண்டிருந்தாள். ஜுஸ்தீனோ படகிலிருந்து வாழைக்குலையை இறக்கினான். நோயெமி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, ஒரு பழம் வேண்டும் என்று கேட்டாள். கேட்டது துயூக்காவில். முதல் சொல்லிலிருந்து கடைசிவரை மூக்கால். அவள் அப்பன் குரலை அப்படியே சின்னதாக்கி வைத்தது போல.

பெர்னார்தாவின் கையிலிருந்து மீன் நழுவித் தண்ணீருக்குப் போய்விட்டது. அவள் போட்ட சத்தத்தில் அன்செல்மோ ஓடிவந்தார்.

“புள்ளைக்கு மூக்கு வந்துருச்சுங்க! நம்ம புள்ளைக்கும் வந்துருச்சு!”

“ஆத்தாடி,” என்றார் அன்செல்மோ. “எப்படிடீ வரும்? நேத்து வரைக்கும் என்கிட்ட நல்லாத்தானே பேசுச்சு?”

ஜுஸ்தீனோ மகளை அருகில் இழுத்தான். மண்டியிட்டு மகளின் வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டு மேல்வாயைத் தடவினான். எல்லாம் முழுசாகத்தான் இருந்தது. இரவில் தான் கிசுகிசுத்ததையெல்லாம் அவள் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போது அவனுக்குப் புரிந்துபோயிற்று. குலையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். இரண்டாம் நாள் மருத்துவப் படகு வந்தபோது, கையில் ஒரு துணி மூட்டையோடு அதில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஒத்தீலியா கரையில் நின்றாள்.

“தகடு வச்சுக்கிட்டு வந்து நானே அதுக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கறேன்,” என்றான். மகளைப் பார்க்காமலே சொன்னான்.

அவன் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடந்தது. ஒத்தீலியா பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தாள். பெரியப்பா வீட்டில் நோயெமி வாழைப்பழத்தை வாயால்தான் சொன்னாள். விளையாடப் போன இடத்திலும் வாயால்தான். துயூக்கா பேசுகிற யாரிடமும் ஒரு சொல் இடம் மாறவில்லை. நான்காம் நாள் ஒத்தீலியா அடை சுட்டுக்கொண்டிருந்தபோது, மகள் மூலையில் ஜுஸ்தீனோவின் பழைய சட்டையை ஒரு கம்பத்தில் மாட்டி, அதனோடு பேசிக்கொண்டிருந்தாள். மூக்கால்.

“யாரு கண்ணு அது?” என்று ஒத்தீலியா பாராவில் கேட்டாள்.

“அப்பா,” என்றாள் பிள்ளை பாராவில்.

“பெரியப்பாகிட்ட இப்படிப் பேச மாட்டியா?”

நோயெமி அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். மீனுக்குக் கொம்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தால் எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படி. “பெரியப்பாவுக்கு இது தெரியாதும்மா,” என்றாள். “இது அப்பா பாஷை.”

ஒத்தீலியா அடையைத் திருப்ப மறந்தாள். அது கருகிப் புகைந்தது. அவள் சிரித்தாள், சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. பிள்ளையின் கணக்கில் அவ்வளவுதான்.

அன்றே அவள் ரேடியோ இருக்கிற வீட்டுக்குப் போனாள். காலை நேரத்தில் ஆற்றுப் பக்கத்து ஊர்கள் எல்லாம் அதில் பேசிக்கொள்ளும். சாவ் கப்ரியேலில் நோயாளிகள் தங்கும் வீட்டோடு இணைப்புக் கிடைத்தது. ஜுஸ்தீனோவைக் கூப்பிட ஒரு ஆள் போனான். ஒத்தீலியா ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு முன்னால் யாரோ ஒருத்தி தன் மகனின் காய்ச்சலைப் பற்றிப் பேசியதை எல்லா ஊரும் கேட்டிருந்தது. இப்போது இவள் பேசப்போவதையும் கேட்கும்.

“வந்துட்டாரு. பேசுங்க, ஓவர்,” என்றது குரல்.

“மச்சான்,” என்றாள். பிள்ளை சொன்னதை, எல்லா ஊரும் கேட்க அந்த இரைச்சலில் போட்டு உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. “இங்க எல்லாரும் சௌக்கியம். பாப்பா நல்லா சாப்பிடுது. நீ சீக்கிரம் வா. ஓவர்.”

அந்தப் பக்கம் வெகுநேரம் கரகரவென்று இரைச்சல். “அவரு தலையாட்டுறாருங்க,” என்றது குரல் கடைசியில். “இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம். ஓவர்.”

இரண்டு வாரம் ஐந்து வாரமானது. நண்பகல் வெயிலில் படகு வளைவு திரும்பியது தெரிந்ததும் ஊரே படித்துறைக்கு இறங்கிவிட்டது. ஜுஸ்தீனோ புதுச் சட்டை போட்டிருந்தான். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கரையில் கால் வைத்ததும் நேராக அன்செல்மோ வீட்டு வாசலில் தொங்கிய குலையைக் கையால் காட்டி, கணீரென்று சொன்னான்.

“ஹோ!”

வாய் வழியே வந்த முழு வாழைப்பழம். கூட்டம் ஹோவென்று இரைந்தது. பெர்னார்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்செல்மோ தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். யாரோ கள் கொண்டுவந்தார்கள், அவன் குடித்தான், ஒரு சொட்டு மூக்கால் வழியவில்லை. இதுவரை சுற்றிப் போன சொற்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக் காட்டினான். போ என்றான், கட்டு என்றான். சொல்லச் சொல்ல ஊர் ஆரவாரித்தது.

“எல்லாம் சரிடா, டாக்டரம்மா வீடு எங்க இருக்கு, ஆத்துக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டார் அன்செல்மோ.

ஜுஸ்தீனோ ‘அங்கே’ என்றுதான் சொன்னான். எல்லார் காதிலும் வாழைப்பழம் என்று விழுந்தது.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சின்னப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தகடு ஓட்டையை அடைத்த வேகத்தில் மூக்குக்குப் போகிற வழியையே சாத்திவிட்டிருந்தது. இதுவரை வாய்ச் சொல் வராதவனுக்கு இப்போது மூக்குச் சொல் வரவில்லை. ஜுஸ்தீனோவும் அசடு வழியச் சிரித்து வைத்தான். “பழகப் பழக சரியாயிரும்னாங்க,” என்றான். பழகப் பழக என்பதிலும் பாதி வேறு என்னவோ போலக் கேட்டது.

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளைத் தேடினான். அவள் அம்மாவின் பின்னால் நின்றிருந்தாள். அவன் குனிந்தான். மூன்று வருஷமும் ஐந்து வாரமும் காத்திருந்த பெயர் அது. எல்லாரும் கேட்கும்படி, வாய் நிறையக் கூப்பிட்டான்.

“தோயெபி!”

பிள்ளை அசையவில்லை. மேலே பார்த்து அம்மாவிடம் பாராவில் கேட்டாள், “இது யாரும்மா?”

அவன் மறுபடி கூப்பிட்டான். தோயெபி. சளி பிடித்தவன் கூப்பிடுவது போல. தன் காதாலேயே அவன் அதைக் கேட்டான். முகம் சட்டென்று சுருங்கியது. ஒத்தீலியா அவன் கையைப் பிடித்தாள், மற்றொரு கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். “வெயில்ல வந்திருக்காரு, கொஞ்சம் படுக்கட்டும்,” என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

“அத எடு.”

“எதுக்கு? அஞ்சு வாரம் இதுக்குத்தானே...”

“எடு மச்சான்.”

அவன் திரும்பி நின்று வாயில் விரலை விட்டுத் தகட்டைக் கழற்றினான். இளஞ்சிவப்பாக, பின்பக்கம் ஒரு உருண்டையோடு, உள்ளங்கையில் ஈரமாகக் கிடந்தது.

“இப்பக் கூப்பிடு.”

“ஒத்தீலியா, அவ முன்னாடி வேண்டாம்.”

“அவ உன் சட்டையோட பேசுறா,” என்றாள். “நீ போன நாலாம் நாள்லேர்ந்து தெனமும் பேசுறா. உன் அண்ணன்கிட்ட உன் அண்ணன் மாதிரி பேசுறா. உன்கிட்ட மட்டும்தான் மூக்கால பேசுறா. அவளுக்கு ஒண்ணும் கெட்டுப்போகல. அவளப் பொறுத்தவரைக்கும் அது இன்னொரு பாஷை. என் பாஷை மாதிரி, பெர்னார்தாக்கா பாஷை மாதிரி. அது உன் பாஷை, மச்சான். ஊர்ல வேற யாருக்கும் தெரியாதுன்னு சொல்றா.”

அவன் சட்டை தொங்கிய கம்பத்தைப் பார்த்தான். கீழே இரண்டு கொட்டாங்குச்சியும் ஒரு சின்னக் கரண்டியும் இருந்தன. சட்டைக்குச் சாப்பாடு போட்டிருந்தாள்.

“நோயெமி,” என்றான்.

ஒரு துளி பிசகவில்லை. பிள்ளை அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கினாள். அவன் முன்னால் வந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மூக்கால் ஒரு பாட்டம் திட்டினாள். இவ்வளவு நாள் எங்கே போனாய், எனக்கு என்ன கொண்டுவந்தாய், பெரியப்பா வீட்டு நாய் குட்டி போட்டது, நான் ஆற்றில் கழுத்துவரை இறங்கினேன், அம்மா அடையைக் கருக்கிவிட்டாள். இரட்டைச் சொற்கள் வரிசையாக வந்தன, எல்லாம் மூக்கால். ஜுஸ்தீனோவுக்கு ஒன்றுகூடப் புரியாமல் போகவில்லை. அவன் பேச்சை இன்னொருவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிள்ளை அவன் மடியில் ஏறி, கன்னத்தில் வழிந்ததைத் தொட்டுப் பார்த்து, “அப்பா மூக்கு ஒழுகுது,” என்று அம்மாவிடம் பாராவில் புகார் சொன்னாள்.

அதன் பிறகு தகடு வீணாகப் போகவில்லை. சாப்பிடும்போது மாட்டிக்கொண்டான். சோறும் சாறும் மூக்குக்கு ஏறாமல் சாப்பிடுவது அவனுக்குப் பெரிய சுகமாக இருந்தது. விருந்துகளுக்குப் போகும்போதும் மாட்டிக்கொண்டு போனான். வாய்ச் சொல் வேண்டிய இடத்தில் தகடோடு பேசுவான். மூக்குச் சொல் வந்தால் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தி, திரும்பி நின்று, கழற்றி, அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மறுபடி மாட்டுவான். முதலில் கேலி செய்தவர்கள் பிறகு அதற்காகவே அவனைப் பேசச் சொன்னார்கள். மச்சான்மார் வேண்டுமென்றே மூக்குச் சொல் பதிலாக வரும்படி பார்த்துக் கேள்வி கேட்பார்கள். “எடு எடு, எடுத்துட்டுச் சொல்லு!” என்று கூச்சல் போடுவார்கள். ஒத்தீலியாவின் அம்மா ஒரு விருந்தில் அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மகளை இடித்து, “இதுக்கு அந்த விடுகதையே தேவலாம்டீ,” என்றாள்.

வீட்டுக்குள் பேசும்போது மட்டும் தகடு கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து ஒத்தீலியா மறுபடி பிள்ளை உண்டாகியிருந்தாள். மழைக்காலம். ஒரு பிற்பகல் கூரையில் ஓயாமல் மழை கொட்டியது. தோட்டத்துக்குப் போக முடியாது, படகும் இறக்க முடியாது. நோயெமி பெரியம்மா வீட்டில் இருந்தாள். ஒத்தீலியா வலைப்படுக்கையில் சாய்ந்திருந்தாள், உடம்பு கனத்தது. ஜுஸ்தீனோ பக்கத்தில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவன், அதைக் கீழே வைத்துவிட்டு, அவள் வயிற்றருகே வாயைக் கொண்டுபோய்ப் பேச ஆரம்பித்தான்.

ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது என்றான். ஆரக்கூ மீன் முட்டையிட மேலே வரும், நாளை மறுநாள் போகலாம், நீயும் ஒரு நாள் வருவாய் என்றான். படகை எங்கே கட்ட வேண்டும், எந்தப் பாறையைச் சுற்றி எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்றெல்லாம் சொன்னான். ஒரு சொல்லையும் விட்டுச் சுற்றவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை, மழைச் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது.

“இன்னும் காது மொளைக்காததுகிட்ட என்ன இவ்வளவு பேச்சு?” என்றாள் ஒத்தீலியா.

“நீ தூங்கு. உன்கிட்டயா பேசுறேன்?”

வயிற்றுக்குள் எதுவோ புரண்டது. அவன் கையை வைத்துப் பார்த்தான், சிரித்தான், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். வலையில் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிப்போனாள்.